ஏபிக்குள் இருந்த பி

தொலைபேசியில் வந்தவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எடுத்ததும், "உங்க வெப்சைட்டு ஆளைக் கொல்லப் பாக்குதும்மா" என்றார்.

2008 ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். பசுமலையில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த மென்பொருள் நிறுவனம். மொத்தமே ஆறு பேர். அதில் தேவிகாதான் மூத்த புரோகிராமர். வயது இருபத்தேழு. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "சார், யாரு பேசுறீங்க?" என்றாள்.

"ரத்த வங்கியிலருந்து டெக்னீஷியன் பேசுறேன். மருது. ரத்ததான சங்கத்துக்கு வெப்சைட்டு செஞ்சு குடுத்தது நீங்கதான? அதுல பி நெகட்டிவ் வேணும்னு போட்டா ஏபி நெகட்டிவ் ஆளுகளை அனுப்புது. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. வந்த மூணு பேருமே ஏபி."

தேவிகா டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள். "ஏத்திட்டீங்களா?"

"டெஸ்ட் பண்ணாம ஏத்துவமா? நாங்க பாத்துக்குவோம், அதை விடுங்க. ஆனா காலையில ஒம்பது மணியிலருந்து அந்த மனுசன் ஃபோனும் கையுமா நிக்கிறாரு. அவர் சம்சாரத்துக்கு எட்டு மாசம். நஞ்சுக்கொடி கீழ இறங்கி நிக்குது. நாலு மணிக்கு ஆபரேஷன். பி நெகட்டிவ் ஒரு பாட்டில்தான் கையில இருக்கு, இன்னும் ரெண்டு வேணும். ஓ நெகட்டிவும் ஸ்டாக்ல இல்ல. மூணு பேர் வர்றாங்கன்னு நம்பி வேற எங்கயும் தேடாம விட்டுட்டாங்க. இப்ப மூணு பேரையும் திருப்பி அனுப்பியாச்சு. இருங்க, அவர்ட்டயே பேசுங்க."

ஃபோன் கை மாறியது. அவர் பெயர் அப்துல் அலீம் என்று தேவிகாவுக்குப் பிறகுதான் தெரியும். காஜிமார் தெருப் பக்கம் பைகள் விற்கும் கடை வைத்திருப்பவர். அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"பி-ன்னா பி தானம்மா? நான் என்ன தப்பாவா எழுதுனேன்? பி போட்டு, மைனஸ் போட்டு, ரெண்டு தடவை சரி பாத்துட்டுத்தான் அமுக்குனேன். அஞ்சு பேரு வந்துச்சு. அல்லாஹ்வே குடுத்த மாதிரி இருந்துச்சு எனக்கு. இப்ப பேரெல்லாம் பொய்யிங்கிறீங்க. நான் யார்ட்ட போய்க் கேக்க?"

"சார், ஒரு பத்து நிமிசம் குடுங்க" என்றாள் தேவிகா. சொல்லும்போதே அந்த வார்த்தை எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

சர்வரில் இருந்த நிரலைத் திறந்தாள். பைத்தானில் எழுதிய நிரல். தேடும் பகுதி மொத்தமே முப்பது வரி. ஏப்ரலில் அவள் கையால் எழுதியது. வேண்டிய ரத்த வகையும் கொடையாளரின் ரத்த வகையும் ஒன்றா என்று பார்க்கும் வரி நடுவில் இருந்தது. அவள் எழுதியது இது:

if venum == group:

இப்போது அங்கே இருந்தது இது:

if venum in group:

தேவிகா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சமக்குறி இருந்த இடத்தில் இரண்டு எழுத்து. இரண்டு சமக்குறி கேட்கும் கேள்வி: இதுவும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? in கேட்கும் கேள்வி வேறு: இது அதற்குள் எங்காவது இருக்கிறதா? B- என்பது AB- என்பதற்குள் இருக்கிறது. கடைசி இரண்டு எழுத்து. ஆமாம், இருக்கிறது என்று நிரல் பதில் சொல்லியிருக்கிறது. அது பொய் சொல்லவே இல்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது.

கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைப் பார்த்தாள். ஜூன் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை. தளத்தின் திறப்பு விழாவுக்கு முந்தின நாள். அன்று அவள் தங்கையின் நிச்சயத்துக்காக லீவில் இருந்தாள். சர்வரின் கடவுச்சொல் தெரிந்த இன்னொரு ஆள் அலுவலகத்தில் ஒருவர்தான்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி ஸ்ரீனிவாஸ் யாருடனோ செல்லில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். தேவிகா கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"சார், ஃபோனை வைங்க."

அவர் நிமிர்ந்தார். இந்தக் குரலை அவர் கேட்டதில்லை. வைத்தார்.

"பிளட் டோனர் கோடுல ஈக்வல் டு இருந்ததை இன்னுன்னு மாத்துனது நீங்கதான?"

"எது? ஓ, அதா. ஆமா. நீ லீவுல போயிட்ட. விழாவுக்கு முந்தின நாள் டெமோ பண்ணிப் பாத்தா, பி பாசிட்டிவ்னு போட்டா நாப்பது பேருதான் வர்றாங்க. அறுநூறு பேர்ல நாப்பதா? மானம் போயிரும். வாலன்டியர்ஸ் ஒருத்தன் பி பிளஸ் வி.இ.ன்னு அடிச்சிருக்கான், ஒருத்தன் ஸ்பேஸ் விட்டு அடிச்சிருக்கான். உன் கோடு அதையெல்லாம் வேண்டாம்னு தள்ளிருச்சு. இன் போட்டேன். இருநூத்தி சொச்சம் வந்துச்சு. மேடையில கைதட்டுனாங்க. ஏன், என்ன இப்ப?"

"அந்த இருநூத்தி சொச்சத்துல ஏபி ஆளுகளும் இருந்தாங்க சார்."

"அதெப்படி? லிஸ்ட்ல தேடும்போது நீயும்தான் இன் போடுற. நானே பாத்திருக்கேன்."

"லிஸ்ட்டுக்குப் போட்டா அது வேற. எட்டு குரூப்பையும் ஒரு லிஸ்ட்டா வச்சு, பி நெகட்டிவ் அதுல ஒரு ஆளான்னு கேட்டா, ஒவ்வொண்ணையும் முழுசா ஒப்பிட்டுப் பாத்துத்தான் ஆமான்னு சொல்லும். வெறும் எழுத்துக்குப் போட்டா, உள்ள ஒரு துண்டு இருந்தாப் போதும், ஆமான்னு சொல்லிரும். ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான். எங்க போடுறோம்னு தெரிஞ்சு போடணும். டேட்டாவை முதல்ல சுத்தம் பண்ணணும், ரெண்டு நாள் குடுங்கன்னு நான் மே மாசமே மெயில் போட்டேன். நேரமில்லைன்னீங்க."

ஸ்ரீனிவாஸின் முகம் சற்று இறுகியது. "சரி, மாத்தி விட்ரு. சின்ன விசயம். இதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துற?"

"ஆஸ்பத்திரியில ஒரு பொம்பளை ரத்தத்துக்குக் காத்துக் கிடக்கு சார்" என்றாள் தேவிகா. அதற்கு மேல் பேசினால் மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டை எடுத்து அவர் மேல் எறிந்துவிடுவோம் என்று தோன்றியது. வெளியே வந்தாள்.

நிரலைத் திருத்துவது இப்போது முக்கியமில்லை. ஆள் வேண்டும். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியலையும் அப்படியே திரையில் இறக்கினாள். நிரலை நம்பாமல் கண்ணால் படிக்கத் தொடங்கினாள்.

தளம் அலீமுக்குக் கொடுத்த ஐந்து பேரில் உண்மையான பி நெகட்டிவ் இரண்டே பேர். ஒருவர் சென்ற மாதம்தான் கொடுத்திருக்கிறார். இன்னொருவரின் எண் உபயோகத்தில் இல்லை. மீதி மூன்றும் ஏபி. அவள் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். B+ve. b+. O +. A1+. ஒருவர் ரத்த வகைக் கட்டத்தில் "நல்ல ரத்தம்" என்று தமிழில் எழுதியிருந்தார். வேறொரு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள்.

முந்நூற்று எண்பத்தெட்டாவது வரியில் கை நின்றது. நல்லகாமன், திருமங்கலம். ரத்த வகை: B Neg.

மைனஸ் குறி இல்லை. அதனால் அவள் எழுதிய சமக்குறியும் இவரைக் கண்டுபிடித்திருக்காது, ஸ்ரீனிவாஸ் போட்ட in-உம் கண்டுபிடிக்கவில்லை. ஆகாதவர் மூன்று பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்த நிரல், ஆகிற ஒருவரைக் கூப்பிடவே இல்லை.

எண்ணை அழுத்தினாள். நான்கு முறை மணி அடித்த பிறகு எடுத்தார்கள். பின்னால் இரும்பை வெட்டும் சத்தம்.

"நல்லகாமனா பேசுறது? அண்ணே, ரத்தம் குடுக்கப் பேரு குடுத்திருக்கீங்களா?"

"குடுத்து ரெண்டு மாசமாச்சு. ஒரு பய கூப்பிடல. எங்க பட்டறையில எல்லாப் பயலையும் கூப்பிட்டாங்க, என்னைய மட்டும் விட்டுட்டாங்க. என்ன, எங்க ரத்தம் ஆகாதோன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

"உங்க குரூப் என்னண்ணே?"

"பி நெகட்டிவ்."

"ஏபி இல்லையே? பி மட்டும்தான?"

"பி தாம்மா. லாரி அடிபட்டப்ப டெஸ்ட் எடுத்தாங்க. ஏன் திருப்பித் திருப்பிக் கேக்குற?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். எதிர்முனையில் வெட்டும் சத்தம் நின்றது. யாரையோ நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

"எம்புட்டு நேரத்துல வரணும்?"

"இப்பவே."

"வாரேன். ஒரு மணி நேரம்."

பிறகு அவள் பட்டியலின் கடைசி வரை படித்தாள். வேறு பி நெகட்டிவ் கிடைக்கவில்லை. மருதுவுக்கு ஃபோன் செய்து ஒருவர் வருகிறார் என்று சொன்னாள். தேடும் பக்கத்தை நிறுத்திவைத்தாள். சாப்பாட்டை அப்படியே மூடிவிட்டு, ஸ்ரீனிவாஸிடம் சொல்லாமல் படியிறங்கி, ஆட்டோ பிடித்தாள்.

ரத்த வங்கி வாசலில் அவள் முதலில் பார்த்தது ஒரு நடுவயது மனிதரை. கையில் மஞ்சள் பை. வாட்ச்மேனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பெயர் மலைச்சாமி. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்.

"என் கார்டுலயே ஏபின்னு போட்ருக்குய்யா. ஃபோன்ல கூப்பிட்ட பேஷண்டு வீட்டு ஆளு அதைக் கேட்டானா? 'அண்ணே, உங்க ரத்தம்தான் ஒரு உசிரைக் காப்பாத்தப் போகுது'ங்கிறான். பருத்திக்கு மருந்தடிக்க ஆளை நிப்பாட்டிட்டு ஓடியாந்தேன். இங்க வந்தா ஆகாதுங்கிறீக. ஆகாத ரத்தத்துக்கு எதுக்குய்யா கூப்பிட்டீக?"

"நான்தான் காரணம்ணே" என்றாள் தேவிகா. "அந்த வெப்சைட்டு எங்களோடது. மன்னிச்சுக்கங்க."

மலைச்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கிட்ட என்னத்துக்கு மன்னிப்பு? ஒரு நா வேலை போச்சு, அம்புட்டுத்தான். அந்தா அங்க நிக்கிறாரு பாரு, அவர்ட்டப் போய்க் கேளு."

அவர் காட்டிய பக்கத்தில் அப்துல் அலீம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய தங்கை ஹஃபீஸா. தேவிகா போய்த் தன்னை யாரென்று சொன்னாள். திருமங்கலத்திலிருந்து ஒருவர் வந்துகொண்டிருப்பதையும் சொன்னாள்.

அலீம் அவளை நம்பவில்லை. "இவரு என்ன குரூப்பு? சி-யா, டி-யா?" என்றார்.

"பி நெகட்டிவ்தான் சார். நானே ரெண்டு தடவை கேட்டேன்."

"நானும் ரெண்டு தடவை பாத்துட்டுத்தாம்மா அமுக்குனேன்." குரல் உயர்ந்தது. "உங்களுக்கு இது வெளையாட்டு. ஏசி ரூம்ல உக்காந்து தட்டுறீங்க. உள்ள கெடக்குறது என் சைனப்பு."

"அண்ணே, விடுங்க. வந்துருக்காங்கல்ல" என்று ஹஃபீஸா அவர் கையைப் பிடித்தாள்.

"என்னத்தை விடச் சொல்ற?" என்று கையை உதறிவிட்டு அவர் மறுபடி சுவருக்கே போனார்.

தேவிகாவிடம் சொல்ல இருந்ததெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அந்த வரியை நான் எழுதவில்லை, அந்த ஆள் என்னைக் கேட்காமல் மாற்றினார். ஆனால் அந்த நியாயத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

இரண்டே காலுக்கு உள்ளே ஓட்டமும் நடையுமாக நர்சுகள் போனார்கள். சைனப்புக்கு ரத்தப்போக்கு தொடங்கிவிட்டது, நான்கு மணி வரை காத்திருக்க முடியாது என்றார்கள். கையில் இருந்த ஒரே பாட்டிலுடன் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அலீம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்.

நல்லகாமன் இரண்டரைக்கு வந்தார். கையெல்லாம் கிரீஸ். கழுவச் சொல்லி உள்ளே கூட்டிப்போனார் மருது. வகை சரியாக இருந்தது. ரத்தம் எடுத்து, மற்றப் பரிசோதனைகளும் முடிந்து, அது தியேட்டருக்குள் போகும்போது நான்கு ஆகப் பத்து நிமிடம். இரண்டாவது பாட்டில் விருதுநகரிலிருந்து வேறொரு வழியில் கிடைத்தது. அது வந்து சேர ஐந்தரை ஆனது.

சைனப் பிழைத்தாள். பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ரத்தம் நிற்காததால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அது அவளுடைய முதல் பிரசவம். வயது இருபத்திரண்டு.

காலையிலேயே மூன்று பாட்டில் இருந்திருந்தால் எடுக்காமல் தப்பித்திருக்குமா என்று அலீம் டாக்டரிடம் கேட்டார். "சொல்ல முடியாது. இருந்திருந்தாலும் எடுத்திருக்கலாம்" என்றார் டாக்டர். அந்தச் "சொல்ல முடியாது" அலீமை விடவில்லை. நான்கு நாள் கழித்து, திங்கட்கிழமை, அவர் பசுமலைக்கு வந்தார்.

ஸ்ரீனிவாஸ் அவரை உட்காரவைத்து டீ வரவழைத்தார். டீ ஆறியது. தேவிகாவையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்.

"பாய், எங்களுக்கும் ரொம்ப வருத்தம். ஆனா நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது இலவசமா செஞ்ச சேவை. வாலன்டியர்ஸ் டேட்டாவைத் தப்புத் தப்பா அடிச்சிருக்காங்க. கம்ப்யூட்டர்னா சில நேரம் இப்படி ஆயிரும்."

"ஆகாது" என்றாள் தேவிகா.

ஸ்ரீனிவாஸ் அவளைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டரா ஒண்ணும் ஆகாது சார். நான் ஒண்ணா இருக்கான்னு கேட்டு எழுதியிருந்தேன். நீங்க உள்ள இருக்கான்னு மாத்திக் கேட்டீங்க. ஏபிக்குள்ள பி இருக்கு. அதான் நடந்துச்சு. மேடையில பேரு நிறைய வரணும்னு மாத்துனீங்க. தப்பான கேள்விய வச்சுக்கிட்டு வாலன்டியர் மேல பழியப் போடாதீங்க."

"தேவிகா, வெளிய போ."

"போறேன். முழுசா சொல்லிட்டுப் போறேன்." அவள் அலீம் பக்கம் திரும்பினாள். "சார், என் தப்பும் இருக்கு. பட்டியல்ல பேரும் ஃபோன் நம்பரும்தான் வரும். அவங்க குரூப் என்னன்னு பக்கத்துல காட்டல. எல்லாரும் நீங்க கேட்ட குரூப்தான, திரும்ப எதுக்குன்னு நான் விட்டுட்டேன். காட்டியிருந்தா, ஏபின்னு நீங்களே பாத்திருப்பீங்க. ஒம்பது மணிக்கே வேற ஆளைத் தேடியிருப்பீங்க."

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடியது.

"அப்ப நீங்களும்தான்" என்றார் அலீம்.

"ஆமா சார்."

அவர் எழுந்தார். ஸ்ரீனிவாஸிடம், "இந்தப் பொண்ணு என் வயித்தெரிச்சலை வாங்கிக்கிருச்சு. நீங்க டீ வாங்கிக் குடுக்குறீங்க" என்றார். வாசல் வரை போய்த் திரும்பினார். "அந்த வெப்சைட்டு இன்னும் ஓடுதா?"

"வெள்ளிக்கிழமையே சரி பண்ணிட்டோம் பாய். இப்ப பக்காவா ஓடுது."

தேவிகாவுக்கு அது புதுச் செய்தி. அவள் நிறுத்தி வைத்த பக்கத்தை அவர் மறுபடி திறந்துவிட்டிருக்கிறார். in இருந்த இடத்தில் பழையபடி இரண்டு சமக்குறி போட்டிருப்பார். அவ்வளவுதான் திருத்தம். அப்படியானால் நல்லகாமன் மறுபடியும் காணாமல் போயிருப்பார். அவரைப் போல எத்தனை பேரோ.

அலீம் போன பிறகு அவள் தன் மேஜைக்குப் போனாள். தளத்தை முழுவதுமாக முடக்கினாள். முகப்பில் ஒரே வரி வைத்தாள்: "இந்தப் பட்டியல் சரிபார்க்கப்படவில்லை. தயவுசெய்து ரத்த வங்கியை நேரடியாக அணுகவும்." சங்கத்தின் செயலர் சாய்பிரசாத்துக்கு, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினாள்.

ஸ்ரீனிவாஸ் வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் கத்தினார். அவள் துரோகம் செய்கிறாளாம். நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கிறாளாம். ஒரே சமூகத்துப் பெண் என்று வேலை கொடுத்தாராம். தேவிகா பையை எடுத்துக்கொண்டாள்.

"அறுநூத்திப் பன்னெண்டு பேருக்கும் ஃபோன் பண்ணிக் கேக்கணும் சார். அதுக்கப்புறம் தான் அது ஓடணும்."

"நீ புரோகிராமரா, டெலிஃபோன் ஆபரேட்டரா?"

"நீங்க ரெண்டுமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நாளையிலிருந்து வேலை இல்லை என்பது பஸ் ஏறின பிறகுதான் உறைத்தது. அப்போதும் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது.

சாய்பிரசாத் சங்கத்து அறையில் ஒரு மேஜையும் தொலைபேசியும் கொடுத்தார். பதினொரு நாள் அவள் அங்கே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பதினேழு பேருக்கு ரத்த வகையே தவறாகப் பதிந்திருந்தது. நாற்பது பேரின் எண் செத்திருந்தது. இரண்டு பேர் செத்திருந்தார்கள். நிரலை முதலிலிருந்து எழுதினாள். உள்ளே வரும் எழுத்தைச் சுத்தம் செய்து, எட்டு வகையின் பட்டியலில் அது ஒன்றாக இருக்கிறதா என்று in வைத்துக் கேட்டாள். இல்லையென்றால் அந்தப் பெயரை ஒதுக்கி வைத்து, ஆளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். தேடும்போது இரண்டு சமக்குறி. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், கொட்டை எழுத்தில், அவரவர் ரத்த வகை.

பன்னிரண்டாம் நாள் மாலை அலீம் வந்தார். சைனப்பை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டதாகவும், குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருப்பதாகவும் சாய்பிரசாத்திடம் சொன்னார். பிறகு தேவிகாவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

"என் பேரையும் போட்டுக்கங்க. ஓ பாசிட்டிவ்."

"ரிப்போர்ட் இருக்கா சார்?"

"நான்தான் சொல்றேன்ல. என்னை நம்ப மாட்டீங்களா?"

"மாட்டேன்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். கோபம் அந்தக் கண்ணில் அப்படியேதான் இருந்தது. சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

"நம்பாதீங்க" என்றார்.